மாதம் முதலில்

14 ஆகஸ்ட் 2006, திங்கள்

டாக்டர் தினமும் எழுதிவைக்கச் சொன்னார். என்ன கொடுத்தோம், எவ்வளவு வெளியே போனது, காய்ச்சல் உண்டா, முதுகுப் புண் எப்படி இருக்கிறது என்று. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று கடையில் எழுதாமல் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

காலையிலும் மதியமும் கஞ்சி, மாலை பால், இரவு மறுபடி கஞ்சி. எல்லாம் மூக்குக் குழாய் வழியாக. காய்ச்சல் இல்லை. புண் அப்படியே இருக்கிறது.

இன்று கடையைக் காலி செய்தோம். சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் பதினெட்டு வருஷம் இருந்த கடை. மே மாதம் என் வீட்டுக்காரர் வாதம் வந்து விழுந்ததிலிருந்து பூட்டித்தான் கிடந்தது. இனி அங்கே செல்போன் கடை வருகிறதாம். ‘ஆவுடையப்பன் கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்ற போர்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் பிளக்கைப் பிடுங்கப் போனபோது மெக்கானிக் இருதயராஜ் கையைத் தட்டிவிட்டான்.

“மைனி, நில்லுங்க. பார்க் பண்ணாம தூக்குனா உள்ள தட்டு கீறிரும். அப்புறம் அண்ணாச்சி எந்திரிச்சு வந்து என்னிய வெட்டுவாரு.”

உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறதாம். அதற்கு மயிரிழை மேலே ஒரு முள் நிற்கிறதாம். அப்படியே தூக்கினால் முள் தட்டில் இடிக்கும், எழுதியிருப்பதெல்லாம் போய்விடும். இங்கிலீஷில் பார்க் என்று நாலெழுத்து அடித்தால் முள் ஓரத்துக்குப் போய் நின்றுகொள்ளும். பிறகு அணைத்துவிட்டுத் தூக்கலாம். மறுபடி போட்டால் முள் தானாக வேலைக்கு வந்துவிடும். தினமும் இது தேவையில்லை. இடம் மாற்றும்போது மட்டும். அவர் பலமுறை சொல்லியிருப்பார். நான் காதில் வாங்கியதில்லை.

மூன்று பின் பிளக் பாயிண்டும் ஸ்டெபிலைசரும் அவர் படுத்திருக்கும் அறையில்தான் இருக்கின்றன. அங்கேயே வைத்தோம்.

15 ஆகஸ்ட், செவ்வாய்

மானிட்டரையும் பிரிண்டரையும் வைத்ததும் மேஜையில் இடமில்லை. கீபோர்டைக் கட்டில் ஓரத்தில், அவருடைய இடது கைப்பக்கம் வைத்திருக்கிறேன். வலது பக்கம் அவருக்கு இல்லை. இடது கை அசையும். அதனால் கொசு ஓட்டுவார், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். பேச்சு கிடையாது. தலையாட்டலும் கிடையாது.

உணவு வழக்கம்போல. காய்ச்சல் இல்லை.

19 ஆகஸ்ட், சனி

என் தங்கை வடிவு ராஜபாளையத்திலிருந்து வந்தாள். ஃபேன் அவர் அறையில்தான் இருக்கிறது, அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பேசினோம். அத்தான் எப்படி இருந்த மனுசன் என்று அழுதாள். நானும் ஏதோ சொன்னேன். அவள் நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள். பிறகு விரிப்பு மாற்றினேன்.

இரவு கஞ்சியில் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது.

22 ஆகஸ்ட், செவ்வாய்

கரிவலத்திலிருந்து ஒரு அம்மாள் வீடு தேடி வந்தாள். மகனுக்கு முன்பு எங்களிடம் எடுத்த ஜாதகத்தை எலி கடித்துவிட்டதாம். பெண் வீட்டார் கேட்கிறார்கள், இன்னொரு பிரதி வேண்டும் என்றாள். வாசல் அறையில் உட்காரச் சொல்லிவிட்டு இயந்திரத்தைப் போட்டேன்.

இந்த இயந்திரத்துக்குள் கடிகாரம் இல்லை. அணைத்தால் நாள் போய்விடும். ஒவ்வொரு முறை போடும்போதும் அதை ஓட்டும் டாஸ் என்ற புரோகிராம் முதலில் ஒரு வரி காட்டும், இன்று 1980 ஜனவரி 1 என்று. அடுத்த வரியில் சரியான தேதியைக் கேட்கும். கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். பதினெட்டு வருஷமும் காலையில் கடை திறந்ததும் அவர் செய்த முதல் வேலை அது.

தேதி கேட்டு நின்றபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய் இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். தேதி அடித்திருந்தது. நேரம் கேட்கும் இடமும் தாண்டி, சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

நானே அடித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போதெல்லாம் கேஸை மூடினேனா என்றுகூட இரண்டு முறை போய்ப் பார்க்கிறேன்.

ஜாதகம் வந்தது. ரிப்பனில் மை குறைவு. அந்த அம்மாள் அவரை எட்டிப் பார்த்துவிட்டு, இவரா எழுதித் தந்தவர் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

23 ஆகஸ்ட், புதன்

யாரும் வரவில்லை. ஆனாலும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தேதி அடித்திருந்தது.

27 ஆகஸ்ட், ஞாயிறு

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யவில்லை. முதுகுப் புண்ணில் டாக்டர் சொன்ன களிம்பு.

28 ஆகஸ்ட், திங்கள்

இன்று கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

இடது கையை மெதுவாக நகர்த்திக் கீபோர்டைத் தொட்டார். எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அடித்தார். 08-28-2006. என்டர். நேரத்துக்கு வெறும் என்டர். கடையிலும் அப்படித்தான், நேரம் அடிக்க மாட்டார்.

தேதிக் காலண்டர் வாசல் அறையில் தொங்குகிறது. இங்கிருந்து தெரியாது. நான் அவரிடம் தேதி சொல்வதில்லை. நான் அவரிடம் எதுவும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டில் காலையில் ரேடியோ வைக்கிறார்கள். அதில் தேதி சொல்வார்கள். அது காதில் விழுந்து கை தானாக அடித்திருக்கும். பழக்கம்தானே.

30 ஆகஸ்ட், புதன்

திருநெல்வேலி போய் வந்தோம். டாக்டர் அவர் காதருகே குனிந்து கையைத் தூக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். அவர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காலத்திலேயே யார் சொன்னதையும் செய்தவர் இல்லை. அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

பேசுவது இவருக்கு உள்ளே போவதில்லை, நாம் சொல்வது வெறும் சத்தமாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். நிச்சயமா என்று கேட்டேன். அனேகமாக என்றார். வெளியே வந்தபின் திரும்பிப் போய் இன்னொரு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார்.

டைரியைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லி, ஒரு தாளில் உணவையும் சிறுநீரையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். டைரி பையில்தான் இருந்தது.

5 செப்டம்பர், செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. கரண்ட் பத்திலிருந்து பன்னிரண்டு வரை இல்லை.

ஒருவர் பேத்திக்கு ஜாதகம் எழுத வந்தார். இயந்திரத்தைப் போட்டதும் நானே தேதி அடித்தேன். கட்டிலில் கிடப்பவரை அடிக்க விடவில்லை.

இந்த இயந்திரத்தில் மாதத்தை முதலில் அடிக்க வேண்டும், நாளை இரண்டாவதாக. அவர் கடையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் விஷயம் அது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாளை முதலில் அடித்தால் இயந்திரமே தப்பு என்று சொல்லிவிடும். பன்னிரண்டு வரைக்கும் சொல்லாது. பேசாமல் வாங்கிக்கொள்ளும். மாதப் பிறப்பு வந்தால் அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

நான் இன்று 05-09 என்று அடித்துவிட்டேன். செப்டம்பர் ஐந்து மே ஒன்பதாகிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. வந்தவரிடம் குழந்தை பிறந்த நேரத்தைக் கேட்க வாசலுக்குப் போனேன்.

திரும்பியபோது திரையில் இரண்டு வரி கூடியிருந்தது. டேட் என்று அடித்து, மறுபடி கேட்க வைத்து, 09-05-2006 என்று திருத்தியிருந்தார். கை கீபோர்டு மேலேயே இருந்தது. கண் என் மேல் இருந்தது.

ரேடியோ இதைச் சொல்லியிருக்காது.

பேத்திக்கு உத்திரட்டாதி. பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

6 செப்டம்பர், புதன்

வடிவு வந்தாள். அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புழுக்கமாக இருக்கிறது, அங்கே ஃபேன் இருக்கிறதே என்றாள். இங்கேயே இரு என்றேன். காப்பி போட்டேன். பிறகு கேட்டேன்.

“அன்னைக்கு வந்தப்ப நான் என்ன சொன்னேன்?”

“என்னைக்கு?”

“போன மாசம். கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து.”

அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள்.

“விழுந்த அன்னைக்கே போயிருந்தா அவருக்கும் நல்லாருந்திருக்கும், எனக்கும் நல்லாருந்திருக்கும்னு சொன்ன. நாந்தான் வாய மூடுக்கான்னேன். எதுக்கு, யாரும் கேட்டாவளா?”

“யாரும் கேக்கல.”

காப்பியில் சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அவளும் சொல்லாமல் குடித்துவிட்டாள்.

8 செப்டம்பர், வெள்ளி

இயந்திரத்தைப் போடவில்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

போடவில்லை. மானிட்டர் மேல் தூசி. துடைத்தேன். துணியை எடுக்கும்வரை அவர் கை கீபோர்டு மேலேயே இருந்தது.

அறைக்குள் போகும்போது இப்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறேன். எதற்கென்று தெரியவில்லை.

14 செப்டம்பர், வியாழன்

போட்டேன். அவர் தேதி அடித்தார். ஒரு வாரம்போல விட்டுப்போயிருந்தது. சரியாக அடித்தார்.

கீபோர்டை என் பக்கம் இழுத்து, இங்கிலீஷ் எழுத்தில் ‘கேட்டீங்களா’ என்று அடித்தேன். வாயால் கேட்க வரவில்லை. என்டர் அடித்தால்தான் வரி போகும் என்று அதையும் அடித்துவிட்டேன்.

அப்படி ஒரு கட்டளையோ கோப்போ இல்லை என்று இயந்திரம் பதில் சொன்னது.

‘அன்னைக்கு நான் சொன்னது’ என்று அடித்தேன். அதே பதில்.

‘கோமு’ என்று என் பெயரை அடித்தேன். அதே பதில்.

அவர் மூன்று வரியையும் படித்தார். படித்தார் என்றுதான் எழுத வேண்டும், கண் இடமிருந்து வலமாகப் போனது. பிறகு கையை நீட்டிக் கீபோர்டை வாங்கிக்கொண்டு மூன்று எழுத்து அடித்தார். சி, எல், எஸ். திரை முழுவதும் துடைத்துப்போய் மேல் மூலையில் கோடு மட்டும் மினுக்கியது.

அந்தக் கட்டளைக்குத் திரையைத் துடை என்பது தவிர வேறு பொருள் கிடையாது. கடையில் ஒருவர் ஜாதகம் முடிந்து அடுத்தவர் உட்காருவதற்கு முன்னால் அவர் அதைத்தான் அடிப்பார். ஒருத்தர் விஷயம் இன்னொருத்தர் கண்ணில் படக்கூடாது என்பார்.

அணைத்துவிட்டு வந்து விரிப்புகளைத் துவைத்தேன். மூன்று விரிப்பு, இரண்டு உறை.

17 செப்டம்பர், ஞாயிறு

மகள் செண்பகம் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அங்கே இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று பார்த்திருக்கிறாளாம். சுத்தமாக இருக்கிறது, நர்ஸ்கள் இருக்கிறார்கள், அவள் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து பக்கம், தினமும் போய்ப் பார்க்கலாம் என்றாள். என்னையும் வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள்.

யோசிக்க வேண்டும் என்றேன்.

“என்னம்மா யோசிக்கணும்? நீ ஜூலைலயே கேட்டதுக்குத்தானே நான் அலைஞ்சு பிடிச்சேன். முதுகு போச்சு, என்னால தூக்க முடியல, எங்கயாவது சேத்துருன்னு நீதானே அழுத.”

அழுதேன் என்பது நினைவில்லை. கேட்டது உண்மை.

சரி என்றேன்.

20 செப்டம்பர், புதன்

செண்பகம் நாள் பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஜாதகக் கடைக்காரர் வீட்டில் நாள் பார்க்காமல் ஆளை அனுப்ப முடியாது. ஊரில் வேறு யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. இந்த ஊர்க்காரர்கள் வீடு குடிபோகவும் வெளிநாடு போகவும் எங்களிடம்தான் வந்தார்கள்.

அவர் எழுதிய புரோகிராமிலேயே அதற்கு ஒரு பகுதி இருக்கிறது. நட்சத்திரத்தையும் மாதத்தையும் கொடுத்தால் பயணத்துக்கு ஏற்ற நாட்களைக் காட்டும். இயந்திரத்தைப் போட்டேன். தேதியை அவர் அடித்தார். பிறகு நான் உட்கார்ந்தேன். பெயர் என்று கேட்டது. அவர் பெயரைக் கொடுத்தேன். நட்சத்திரம் கேட்டது, கொடுத்தேன். எந்தத் திசை என்று கேட்டது. வடமேற்கு.

அக்டோபர் 12, வியாழன், மிருகசீரிடம், காலை ஏழரைக்கு மேல் என்று வந்தது.

மானிட்டர் அவர் பக்கம் திரும்பி இருந்தது. அதைத் திருப்பியிருக்கலாம். அது தோன்றவில்லை.

தோன்றியது. திருப்பவில்லை.

இரவு கஞ்சி முழுவதும் உள்ளே போனது. காய்ச்சல் இல்லை.

28 செப்டம்பர், வியாழன்

முதுகுப் புண் ஆறிவருகிறது. தோல் மூடியிருக்கிறது.

1 அக்டோபர், ஞாயிறு

ஆயுத பூஜை. அரிவாள்மனை, கத்திரிக்கோல், தையல் மெஷின், கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடையில் இருந்தால் பொரியும் சுண்டலும் தெரு முழுக்கக் கொடுப்போம். கீபோர்டில் சந்தனம் வைத்தால் எழுத்துக்கு இடையில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் திட்டுவார். இன்று அதற்கு மட்டும் வைக்கவில்லை.

பூஜையன்று கருவியைத் தொடக்கூடாது. போடவில்லை.

2 அக்டோபர், திங்கள்

10-02-2006 என்று அடித்தார்.

இருதயராஜ் வந்தான். அவரைக் கூட்டிக்கொண்டு போன மறுநாள் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பாகங்களாகத்தான் உதவும், முழுசாக இதை யாரும் வாங்க மாட்டார்கள் என்றான். அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தான். ‘அண்ணாச்சி, எந்திரிங்க, வைரஸ் வந்துட்டு’ என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு கர்ச்சீப்பை எடுத்தான்.

10 அக்டோபர், செவ்வாய்

செண்பகம் வந்துவிட்டாள். பஸ்ஸில் தூங்கவே இல்லையாம். இளைத்திருக்கிறாள். அப்பாவுக்குத் தலை சீவி, நகம் வெட்டி, சவரம் செய்துவிட்டாள். நான் செய்வதைவிட நன்றாகச் செய்தாள்.

மதியம் அந்த இடத்துக்குப் போன் செய்து பேசினாள். சிக்னல் அவர் அறை ஜன்னலில்தான் கிடைக்கிறது. ராத்திரி குழாயைப் பிடுங்கினால் என்ன செய்வீர்கள், கையைக் கட்டிவைப்பீர்களா, எவ்வளவு நேரம் கட்டுவீர்கள் என்றெல்லாம் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். நான் வாசலில் நின்றேன். வெளியே வந்து பேசு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

வேட்டி நாலு, துண்டு நாலு, துணிப்பையில் வைத்தேன். அவருடைய கண்ணாடியை வைப்பதா என்று செண்பகம் கேட்டாள். இனி எதுக்கும்மா என்று அவளே சொல்லிக்கொண்டாள். வை என்றேன்.

11 அக்டோபர், புதன்

நாளைக்குப் பயணம். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

காலையில் இயந்திரத்தைப் போடவில்லை. வேலை இருந்தது. சாயங்காலம் அவர் கை கீபோர்டு மேலேயே கிடப்பதைப் பார்த்துச் செண்பகம், அப்பா இதுக்கு என்னம்மா பண்ணுவார் என்றாள். போட்டுவிட்டேன். அது சத்தம் போட்டு எழுந்து தேதி கேட்டது. செண்பகம் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. அவர் அடித்தார். 10-11-2006.

செண்பகம் கோயம்புத்தூர் குளிரைப் பற்றி, போர்வை வாங்க வேண்டியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் விரல் மறுபடி நகர்ந்தது. நாலெழுத்து அடித்தார். என்டர்.

பார்க்.

உள்ளே ஒரு தட்டல் கேட்டது. முள் ஓரத்துக்குப் போகும் சத்தம். மின்சாரத்தை அணைக்கலாம் என்று திரையில் வந்தது. அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

அது என்ன என்று செண்பகம் கேட்டாள். ஒன்றுமில்லை, அணைக்கச் சொல்கிறது என்றேன். அணைத்தேன்.

தினமும் செய்வது அல்ல அது. இயந்திரம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு நாளும் அதை அடிக்கவில்லை. இடம் மாற்றும்போது மட்டும். இடம் மாற்றப் போகிறோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் முன்னால் சொன்னோம், அவரிடம் சொல்லவில்லை.

வேண்டாம் என்று காட்ட அவருக்கு வழி இருந்தது. அந்தக் கையால் கீபோர்டைக் கீழே தள்ளியிருக்கலாம். என் சேலையைப் பிடித்து இழுத்திருக்கலாம். செய்யவில்லை. தூக்குவதற்குத் தயார் செய்து கொடுத்தார்.

இரவு கஞ்சி கொடுத்தேன். குழாய் வழியாகப் போவதற்கு ருசி தெரியாது. ஆனாலும் இன்று உப்புப் போட்டேன்.

12 அக்டோபர், வியாழன்

ஏழு மணிக்கே வண்டி வந்துவிட்டது. டிரைவரும் ஸ்ட்ரெச்சர் தூக்க ஒருவரும் வந்தார்கள். ஏழரை ஆகட்டும் என்று செண்பகம் அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

நான் அவர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஏழரை ஆனதும் செண்பகம் வந்து எழுந்திரு என்றாள். எழுந்திருக்கவில்லை. சொன்னேன். ஆகஸ்டிலிருந்து அவர் தேதி அடிப்பதை, நான் மாற்றி அடித்ததைத் திருத்தியதை, நேற்று அடித்தது என்ன என்பதை. நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவள் நம்பவில்லை. பழக்கத்தில் கை போயிருக்கும் என்றாள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

“ஏம்மா சொல்லல? ரெண்டு மாசமா ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

அவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுப்படிக்குப் போய்ப் பேசலாம் என்று தோன்றியது. போகவில்லை.

“சொன்னா, அப்பாவுக்கு எல்லாம் கேக்குதுன்னு ஆயிரும்லா. நான் இந்தக் கட்டில்கிட்ட உக்காந்து என்னல்லாம் பேசியிருக்கேன். போயிருந்தா நல்லதுன்னு சொல்லியிருக்கேன். அதையும் கேட்டுட்டாருன்னா, நான் இந்த ரூமுக்குள்ள எப்பிடி வாரது?”

செண்பகம் கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள், முந்தாநாள் போனோடு நின்ற இடத்தை. அப்பாவின் கையைப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

நான் எழுந்து போய் ஸ்டெபிலைசரைப் போட்டேன். பிறகு இயந்திரத்தைப் போட்டேன். பார்க் செய்த இயந்திரத்தைத் தூக்காமல் அதே இடத்தில் மறுபடி போடுவது கடையில் ஒருநாளும் நடந்ததில்லை. உள்ளே தட்டு சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது, முள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் தலையைத் திருப்பினார். திரையை அல்ல, என்னைப் பார்த்தார்.

இன்று 1980 ஜனவரி 1 என்றது. சரியான தேதியைக் கேட்டது.

கீபோர்டை எடுத்து அவர் இடது கைக்குக் கீழே வைத்துவிட்டு நின்றேன். கை வயிற்றின் மேலேயே இருந்தது. ஹாரன் மறுபடி அடித்தது. செண்பகம் எழுந்து வெளியே போனாள். வண்டி வேண்டாம் என்று அவள் சொல்வதும், வந்த வண்டியைத் திருப்பி அனுப்புவது என்ன நியாயம் என்று டிரைவர் சத்தம் போடுவதும் கேட்டது. அவள் குரல் உயரவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிப் போனது.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை நகர்த்தினார். விரல் எழுத்தைத் தேடியது.

10-12-2006. மாதம் முதலில்.

நேரத்துக்கு வெறும் என்டர்.

காலைக் கஞ்சி தாமதமாகிவிட்டது. எட்டரைக்குக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை.